புத்தகம் பார்த்துத் தையல் பழகுதல்: மிதிபலகையை முன்வைத்து ஓர் ஆய்வு

தையற்பொறியைப் புத்தகத்தின் துணைகொண்டு மட்டுமே பழகிவிடலாம் என்னும் கொள்கை நாஞ்சில் நாட்டில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. எனினும் அதனை ஏற்போரும் மறுப்போரும் நேரில் வாதிடுவது அரிது. ஏற்போர் தாம் தைத்த ஜம்பரை, அதாவது இப்பகுதி மூத்த பெண்கள் அவ்வாறு வழங்கும் இரவிக்கையை, மறுப்போரிடம் பிரித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு வருவதோடு விவாதம் முடிந்துவிடுகிறது.

இவ்வட்டாரத்தில் தைத்த துணி அற்பப் பொருளன்று. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம், குப்பாயம் எனப்பட்ட மேற்சட்டையை அணிவதற்கு 1859ஆம் ஆண்டின் அரசு அறிவிப்பு இடமளித்த பின்னரே தணிந்தது. அந்நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார், உறைவிடப் பள்ளிச் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நூல் சுற்றிய பாபின்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அக்கலை; எனவே எலியாஸ் ஹோவ் தம் தையற்பொறிக்கு அமெரிக்காவில் 1846இல் காப்புரிமை பெறும் முன்பே நாகர்கோவில் விரல்கள் பாபினைப் பழகிவிட்டன. அதே மிஷனிடம் அச்சுக்கூடமும் இருந்தது என்பது ஆய்வாளர் கவனத்துக்குரியது: அச்சிட வசதியிருந்தும் லேஸ் பின்னல் பக்கத்தில் உட்கார்த்தியே கற்பிக்கப்பட்டது.

கடைகளில் கிடைக்கும் தையற் புத்தகங்களுள் வெட்டும் முறை கூறுவனவே மிகுதி. மார்பளவு, தோளளவு, கைக்குழி ஆகியவற்றைக் கால் அங்குலமும் பிசகாமல் வரைந்து காட்டி, பற்பல படிகளுக்குப் பின் ‘இனித் தைக்கவும்’ என்று கூறி அவை விடைபெற்றுவிடும். பொறியைப் பற்றிக் கூறும் சிலவோ, உறுப்புகளுக்கெல்லாம் எண்ணிட்டு, நூல் செல்லும் வழியை அம்புக்குறியால் காட்டி, ஊசியின் தட்டைப் பக்கம் இடப்புறமா வலப்புறமா என்பதைக்கூட அறுதியிட்டுரைக்கின்றன. அந்த இடவலம் தைப்பவருடையதா, பொறியினுடையதா என்பது மட்டும் உரையாசிரியர்க்கு விடப்பட்டுள்ளது.

இவை அனைத்தும் கையைப் பற்றிய புத்தகங்கள். பொறியை ஓட்டுவதோ கால். மிதிபலகை என்பது மேசைக்கடியில் பாதங்களை வைத்து முன்னும் பின்னும் அழுத்தும் இரும்புத் தட்டு. அதன் அசைவு ஒரு கம்பி வழியே கீழ்ச்சக்கரத்தைச் சுழற்ற, தோல்வார் அச்சுழற்சியை மேலுள்ள கைச்சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும். இங்கேதான் புத்தகங்கள் கூறாத நுட்பம் உள்ளது. கம்பி உச்சியிலோ அடியிலோ நேராக நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் அசையாது. அந்நிலைக்குச் சற்று இப்பால் நின்றால் ஒரு திசையிலும் அப்பால் நின்றால் மறு திசையிலும் அது சுழலும். ஆகவே தெரிந்தவர் வலக்கையால் கைச்சக்கரத்தைத் தம் பக்கமாக ஒரு தட்டு தட்டிவிட்டு, பிறகு பாதத்தைத் தொடரவிடுகிறார். தெரியாதவர் பாதத்தால் தொடங்க, சக்கரம் பின்னோக்கி ஓடி, மேல்நூலைப் பாபின் நூலோடு கோத்துப் பூட்டவேண்டிய கொக்கி தடுமாறி, நூல் அறுகிறது. அவர் மீண்டும் புத்தகத்தைத் திறந்து ஊசியின் தட்டைப் பக்கத்தை ஆராய்கிறார்.

இத்தகைய பொருந்தா ஆராய்ச்சிக்கு மற்றோர் எடுத்துக்காட்டு, துணியின் அடிப்பக்கத்தில் லூப் விழுதல், அதாவது நூல் வளையம் வளையமாகத் தொங்குதல். கோளாறு கீழே தெரிவதால் கற்போர் பாபின் கேஸின் சிறு திருகாணியைத் திருக முற்படுகின்றனர். பெரும்பாலும் குற்றம் மேலே, மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கிடையே சரியாக அமராததில் உள்ளது. இது புத்தகங்களில் கூறப்படாமல் இல்லை. கடைசிப் பக்கத்தில், எவரும் சென்று சேராத அட்டவணையில் கூறப்பட்டுள்ளது.

தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பனம்பாரனாரின் பாயிரம் கூறும். அந்த அதங்கோடு கன்னியாகுமரி மாவட்டத்து அதங்கோடே என்பதில் இம்மாவட்டத்தார் உறுதியாக இருக்கின்றனர். ஆசான் முன் அரங்கேறிய பின்னரே இலக்கணம் வெளிவந்த நாட்டில், தையற் புத்தகங்கள் மட்டும் அரங்கேறாமல் பேருந்து நிலையக் கடைகளுக்கு வந்துவிட்டன. மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ நாலைந்து மாணவியரை வைத்துத் தையல் சொல்லிக்கொடுக்கும் ஓர் அக்காவின் முன் அவை வாசிக்கப்பட்டிருந்தால், ‘நூலு கோக்காம மொதல்ல வெறும் மெஷினச் சவுட்டிப் படி பிள்ளே’ என்பதே முதற் சூத்திரமாக ஏறியிருக்கும். சவுட்டுதல் என்பது மிதித்தலுக்கு இவ்வட்டார வழக்கு. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சக்கரம் ஒரே திசையில் நிற்காமல் ஓடும்வரை சவுட்டி, அதன்பின் கோடு போட்ட நோட்டுத்தாளை நூலில்லா ஊசிக்குக் கொடுத்துக் கோட்டின் மேலேயே துளையிட்டுச் செல்வது அம்முறை. தையற் கல்வியில் காகிதத்தின் பயன் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ள ஒரே இடம் இதுவாகும்.

எனினும் அண்மைக்காலத்தில் பழைய பொறிகளின் பக்கவாட்டிலும் சிறு மின்மோட்டார் பொருத்தப்படுவதால், சக்கரம் பின்னோக்கி ஓடும் சிக்கல் அருகிவருகிறது. மிதிபலகையைப் பற்றி ஏதும் கூறாத புத்தகங்கள் இதனால் ஓரெழுத்தும் திருத்தப்படாமலே இவ்வகையில் பிழையற்றவையாகிவிட்டன. மோட்டாரின் மிதிகட்டையைப் பாதம் தொட்ட மாத்திரத்தில் கைக்குழித் துணி முழுவதும் ஊசியைக் கடந்து அப்பால் போய்விடுவது குறித்தும் அவை இன்றளவும் ஏதும் கூறவில்லை.