மெம்பர் வீட்டுக்காரர்

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் எந்தப் பக்கம் போனாலும் இவரைப் பார்க்கலாம். சட்டைப் பையில் இரண்டு போன் இருக்கும். ஒன்று இவருடையது, மற்றது பஞ்சாயத்து மெம்பரான மனைவியுடையது. எது அடித்தாலும் எடுப்பவர் இவர்தான். “ஏனுங்க, மெம்பருங்களா?” என்று கேட்டால், “ஆமாங்க, சொல்லுங்க” என்பார். அதில் பொய் சொல்கிற தயக்கம் துளியும் இருக்காது, ஏனென்றால் இவரைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை. மெம்பர் அந்த நேரம் அடுப்படியிலோ தொழிலுறப்பு (வேலை உறுதித் திட்ட) வேலை நடக்கிற வாய்க்கால் கரையிலோ இருப்பார். கிராமசபையில் இவர் முன்வரிசையில் உட்காருவார். தெருவிளக்கு பற்றி யாராவது மெம்பரைக் கேட்டால், பதில் சொல்ல எழுந்திருப்பவர் இவராகத்தான் இருப்பார். பேச்சில் “நாங்க ஜெயிச்சப்ப”, “நம்ம வார்டுல” என்று எல்லாம் பன்மையில் வரும். ரோடு மட்டும் “நான் போட்ட ரோடு”. பெண்களுக்கு எதிரானவர் என்று இவரை யாரும் சொல்லிவிட முடியாது. மனைவியைத் தேர்தலில் நிற்கவைத்ததே தான்தான் என்று பத்துப் பேருக்கு நடுவில் சொல்லுவார். மார்ச் 8 அன்று, பெண்கள் தடையில்லாமல் பேச வேண்டியதன் அவசியத்தைப் பற்றித் தடையில்லாமல் பேசுவார்.

வடக்கே இவருக்கு ‘சர்பஞ்ச் பதி’, ‘பிரதான் பதி’ என்று பட்டமே உண்டு. பொதுவாக இவரைப் பழைய ஆணாதிக்கத்தின் மிச்சம் என்றும், காலப்போக்கில் தானாகத் தேய்ந்து மறைந்துவிடுவார் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவர் புத்தம் புதியவர். இவருடைய அப்பாவின் காலத்தில் இப்படி ஒரு ஆள் ஊரில் இருந்திருக்கவே முடியாது. 1993இல் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று ஆன பிறகு பிறந்த இனம் இது. கேரளம் 2009இல் அதைப் பாதியாக உயர்த்தியது, 2010 தேர்தலில் அது அமலுக்கு வந்தது. தமிழ்நாடு 2016இல் அதே பாதைக்கு வந்தது. இதற்கு நடுவே, 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் வழியாகக் கேரள அரசு தன் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குத் தரத் தொடங்கியது. மெம்பரின் கையெழுத்துக்கு விலை வந்தது, கூடவே வீட்டுக்காரரும் வந்தார். வெறும் நாற்காலிக்கு யாரும் பதிலாள் அனுப்புவதில்லை. ஆகவே இவர் தோளில் துண்டோடு பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்திருப்பது, உள்ளே இருக்கிற நாற்காலியில் உண்மையிலேயே அதிகாரம் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அந்த அளவில் மட்டும் இவரை வாழ்த்தலாம்.

அதிகாரம் இல்லாத இடத்தில் இவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை, பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தில் பிளாச்சிமடை இருக்கிறது. கொக்கோ கோலா ஆலை வந்து கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனபோது, 2002 ஏப்ரல் 22 அன்று ஆலைக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களின் முன்னணியில் நின்றவர் இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. பள்ளிப் படிப்பில்லை, பதவியில்லை, கையெழுத்துப் போட ஃபைல் இல்லை. நாளெல்லாம் வெயிலில் உட்காருவது ஒன்றே வேலை. ‘கொஞ்சம் நகருங்க, உங்களுக்குப் பதிலா நான் உட்காருறேன்’ என்று அங்கே எந்த வீட்டுக்காரரும் வந்து நிற்கவில்லை. 2004 மார்ச்சில் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. பெண்ணுக்கு அனுபவம் போதாது என்று சொல்பவர்கள் இந்தக் கதையை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

அனுபவம் என்ற அந்த வாதத்தைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. முதல் முறை ஜெயித்து வருகிற பெண்ணுக்குத் திட்ட அறிக்கையும் டெண்டர் விதியும் புரியாமல் இருக்கலாம். கொழிஞ்சாம்பாறைத் தமிழில் வளர்ந்தவருக்கு மலையாளத்தில் வருகிற சர்க்குலர் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றும். உதவிக்கு ஆள் வேண்டும் என்பது நியாயம். ஆனால் முதல் முறை ஜெயித்த ஆண் மெம்பருக்கு மட்டும் டெண்டர் விதி கருவிலேயே தெரிந்துவிடுகிறதா? அவரும் விழித்துக்கொண்டுதான் உட்காருகிறார். அவருக்கு உதவியாக அவர் மனைவி கமிட்டி மீட்டிங்குக்கு வந்து பதில் சொன்னதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அவருக்குச் செக்ரட்டரி சொல்லித் தருகிறார், இரண்டு வருஷத்தில் தேறிவிடுகிறார். அம்மணிக்கு அந்த இரண்டு வருஷம் கிடைப்பதில்லை. பஸ் இல்லாத ஊரில் பைக்கில் கொண்டுபோய் விடுவது உதவி. விட்ட பிறகு வண்டியைப் பூட்டிவிட்டுக் கூடவே உள்ளே போவது வேறு. இதை எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர் வாசலில் இருக்கிற டீக்கடைக்காரர். உதவுகிறவர்தான் அவரிடம் டீ குடித்துக் காத்திருப்பார்.

ஆண்களும் பெண் விடுதலைக்கு உழைத்தவர்கள்தானே என்று இன்னொரு கேள்வி வரும். உழைத்தார்கள். 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் தீர்மானமாக நிறைவேறியது. ஆனால் அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் தமிழறிஞர் நீலாம்பிகை அம்மையார். பெண்கள் மேடையில் இருந்து கொடுத்தார்கள், ஆண் பெற்றுக்கொண்டார். நம் வீட்டுக்காரர் பட்டத்தையும் தலைமையையும் சேர்த்தே கேட்கிறார், அதுதான் சிக்கல்.

இந்த ஆள் பருவம் தப்பாமல் விளைகிற இடம் எது, விளையாத இடம் எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெண்கள் நாற்காலிக்கு வரும் முன்பே தங்களுக்குள் கூடிப் பேசிப் பழகியிருந்தால், இவருக்கு உள்ளே நுழைய இடுக்கு கிடைப்பதில்லை. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற கேரளப் பெண்கள் அமைப்பில், அயல்கூட்டம் என்ற அக்கம்பக்கக் குழு முதல் பஞ்சாயத்து அளவிலான சி.டி.எஸ். வரை தேர்ந்தெடுக்கிறவர்களும் வருகிறவர்களும் பெண்கள். கணக்கு எழுதி, கடன் வசூலித்து, சண்டை போட்டு, சமாதானமாகி, அதன் பிறகு வார்டுக்கு நிற்கிற பெண்ணின் போனைப் பிடுங்குவது அவ்வளவு சுலபமில்லை. இன்னும் பெரிய சாட்சி இடுக்கியில் இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பல வருஷமாக அவர்களுக்காகப் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டேயே அண்டவிடவில்லை. சங்கத் தலைவர் என்பவர் தோட்டத்து மெம்பர் வீட்டுக்காரர்தான், என்ன, குடும்பம் கொஞ்சம் பெரிது. ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தப் பெண்கள் நேரடியாகப் பேசி, கேட்ட போனஸை வாங்கினார்கள். 232 ரூபாயாக இருந்த தினக்கூலி அடுத்த மாதம் 301 ஆனது. கேட்டது என்னவோ 500.

அந்த அமைப்பு சீக்கிரமே பிளவுபட்டு மெலிந்துபோயிற்றே, பெண்கள் தனியாக நடத்தினால் இப்படித்தான் என்று இதற்கு ஒரு சிரிப்போடு பதில் வரும். பிளந்தது உண்மை. ஆனால் இதை இடுக்கியில் இருந்துகொண்டு சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும். 1964இல் பிறந்த கேரளா காங்கிரஸ் அதே மலையில் எத்தனை முறை உடைந்தது என்று எண்ண, பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வருகிற எழுத்துகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆண்களுக்கு அரசியல் ஒத்துவராது என்று அதை வைத்து யாரும் முடிவு கட்டவில்லை.

இவரைத் தண்டிக்க வேண்டும் என்ற யோசனையும் வந்திருக்கிறது. ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2023இல் அமைத்த குழு கடும் தண்டனையைப் பரிந்துரைத்தது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பதவியில் இல்லாதவரைப் பதவியைவிட்டு எப்படி நீக்குவது? பறிபோவதற்குப் பதவி இருப்பது அந்தப் பெண்ணிடம்தான். தவிர, இட ஒதுக்கீடு இல்லாத மாடியில் இவர் பதிலாளாக இருப்பதில்லை, அசலாகவே இருக்கிறார். 2021 சட்டசபைத் தேர்தலில் கேரளத்தின் 140 இடங்களில் ஜெயித்த பெண்கள் 11 பேர். அங்கே யார் யாருக்குத் தண்டனை கொடுப்பது?

வார்டு சுழற்சி முறையில் பொது வார்டாக மாறியதும் இவர் தானே வேட்பாளராக இறங்குகிறார். நோட்டீஸில் ஐந்து வருஷச் சாதனை வரிசையாக அச்சாகிறது: அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர், குடிநீர்க் குழாய், கான்கிரீட் ரோடு, எல்லாம் ‘நான்’. அம்மணியின் பெயர் அச்சகத்தின் பெயருக்கு மேலே ஒரு வரியில் வந்தால் பெரிய விஷயம். அதே சமயத்தில் அந்த ரோட்டின் பேரில் ஆடிட் ஆட்சேபம் ஒன்று வந்து சேர்ந்துவிட்டால், செக்ரட்டரி போன் போடும்போது முதன்முறையாக இவர் தயங்குவார். “மெம்பருங்களா? இருங்க, கூப்பிடறேன். நான் அவங்க வீட்டுக்காரருங்க, எனக்கு என்னங்க தெரியும்?”