கயிற்றண்ணன்

காம்பார் வட்டாரத்துச் சைக்கிள் குழுக்களில் மற்றவர்கள் ஓட்டுவதற்காகச் சைக்கிள் வைத்திருக்க, கட்டுவதற்காகவே வைத்திருக்கும் ஒருவர் தவறாமல் காணப்படுகிறார். முகத்துக்கு முன் 'அண்ணே' என்றும் முதுகுக்குப் பின் 'கயிற்றண்ணன்' என்றும் அழைக்கப்படும் இவருக்குச் செல்வாக்கைத் தேடித்தந்தது மலேசியச் சாலை விதியே. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்குத் தடை உண்டு. ஆகவே புத்ராஜெயாவில் ஞாயிறு காலை ஓட்ட ஆசைப்படுவோர், பழைய பெருஞ்சாலை வழியே அதுவரை மிதித்துச் செல்லும் வலுவில்லாத நிலையில், சைக்கிளை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த வண்டி பெரும்பாலும் பெட்டி லோரி, அதாவது நாற்புறமும் கூரையும் தகரத்தால் அடைத்துப் பின்னால் கதவு வைத்த சிறு லோரி. வார நாள்களில் கேமரன் மலையிலிருந்து தாப்பா வழியாக முட்டைக்கோசு இறக்கும் தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், இரவல் பெறப்படுவது. மழையும் திருடனும் நுழைய முடியாத அப்பெட்டியில் கோசு வாடை மட்டும் நிரந்தரக் குடியுரிமை பெற்றிருக்கும்.

கயிற்றண்ணனுக்குத் தொழில் தெரியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஹேண்டில்பார்கள் ஒன்றோடொன்று மோதாதபடி ஒரு சைக்கிளை முன்னோக்கியும் அடுத்ததைப் பின்னோக்கியும் நிறுத்துவார். கியர் மாற்றும் கருவி வலப்பக்கம் இருப்பதால் அப்பக்கத்தில் எதுவும் சாயவிடமாட்டார். கார்பன் இழையால் ஆன சட்டத்தில் பட்டையை இறுக்கினால் சட்டமே நசுங்கக்கூடும் என்பதால் கட்டுவதைச் சக்கரத்தோடு நிறுத்திக்கொள்வார். தட்டு பிரேக் உள்ள சைக்கிளின் சக்கரத்தைக் கழற்றினால், இடையே யாராவது பிடியை அழுத்திப் பிரேக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளாதிருக்க, நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகுவார். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் அமைந்தது என்பதறியாமல் மல்லுக்கட்டும் இளைஞனிடமிருந்து ஸ்பேனரைப் பிடுங்கும்போது அவர் முகத்தில் தோன்றும் கருணை, கோயில் குருக்களிடம்கூட அரிது.

ஆனால் கட்டி முடித்தல் என்னும் நிலை அவர் உலகில் இல்லை. கட்டியதை இழுத்துப் பார்த்து, இழுத்ததை ஆட்டிப் பார்த்து, கதவைச் சாத்தி, பூட்டுப் போட்டு, முன்னிருக்கையில் ஏறி, இருக்கைப் பட்டையும் மாட்டிய பின்னர்,

"தம்பி, பூட்டிட்டேன்தானே?"

"பூட்டிட்டீங்க அண்ணே."

"எதுக்கும் ஒரு தடவ பாத்துர்றது நல்லது லா"

என்று இறங்கிவிடுவார். பூட்டைப் பார்க்க இறங்கியவர் பூட்டோடு நிற்பதில்லை, கதவைத் திறப்பார். சுவரோரம் நிற்கும் முதல் சைக்கிளின் முடிச்சு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க அதற்கு முன்னுள்ள மூன்றையும் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்ததை மீண்டும் கட்ட வேண்டும். புதிதாகக் கட்டியது என்பதால் அதைச் சோதித்தும் ஆக வேண்டும். இச்சடங்கு தாப்பா டோலுக்கு முன்னால் ஒருமுறையும், உலு பெர்ணம் ஓய்விடத்தில் மற்றவர்கள் தே தாரேக் குடித்துக்கொண்டிருக்கையில் ஒருமுறையும் நிறைவேறும். நெடுஞ்சாலையில் எங்கேனும் லோரி குலுங்கினால், அடுத்த ஓய்விடம்வரை அவர் படும் பாடு பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் கணவன் படாதது. இதுவரை ஒரு முடிச்சும் தளர்ந்ததில்லை என்பதை எடுத்துச் சொன்னால், சோதித்ததனால்தான் தளரவில்லை என்பார். இந்தத் தருக்கத்தை வென்றவர் காம்பாரில் இல்லை.

கயிறுகளிலும் அவருக்குச் சாதி பேதம் உண்டு. கடையில் விற்கும் பட்டையைச் சகித்துக்கொள்வார். பொட்டலம் கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழையான ராஃபியா கயிற்றைத் தொடமாட்டார். அவர் முழுமனதாக நம்புவது பழைய சைக்கிள் டியூபை நீளவாட்டில் வெட்டிய ரப்பர்ப் பட்டையை மட்டுமே. இந்நம்பிக்கை தோட்டத்தில் பிறந்தது. தீம்பாரில், அதாவது ரப்பர் மரக் காட்டில், பால் வெட்டியவர்கள் வாளியைச் சைக்கிளின் பின்னால் இந்த டியூபால்தான் இறுக்கினார்கள். செம்மண் பாதையில் வாளி கவிழ்ந்தால் அன்றைய உழைப்பு மண்ணோடு போயிற்று. அப்படிப் பால் கொண்டுசென்ற ஒரு தாயின் மகன் முடிச்சை இருமுறை பார்ப்பதில் வியப்பில்லை. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்துவிட்டது; பழக்கம் மட்டும் அவர் விரல்களில் தங்கிவிட்டது.

அவருடைய வரலாற்றறிவும் இதே கோணத்தில் அமைந்தது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை காம்பாரில் போர் நடந்தது. அப்போது மலாயா நெடுகச் சைக்கிளில் இறங்கிவந்த ஜப்பானியர், டயர் வெடித்தபோது வெறும் விளிம்பிலேயே ஓட்டினார்கள் என்று யாராவது சொன்னால், "லோரியில ஏத்திருக்கணும் லா" என்பதே அவருடைய இராணுவ விமர்சனம்.

எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இந்நாட்டில் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுவதே வெயிலுக்குத் தப்பத்தான். அவருடைய சோதனைகள் முடிந்து கதவு திறக்கும்போது ஒன்பது மணி வெயில் தாரில் காய்கிறது. கீறலற்ற சைக்கிள்கள் இறங்குகின்றன, ஓட்டும் ஆசை இறங்குவதில்லை. அதைவிடக் கொடுமை, எவருக்கும் அவர் கற்றுத்தருவதில்லை. உதவ நீளும் கையை "நீ வுடு தம்பி" என்று தட்டிவிட்டு, பின்னர் இளைஞர்கள் எதையும் கற்பதில்லை என்று குறைப்படுகிறார். அவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் குழுவில் ஒருவருக்கும் அந்த முடிச்சுப் போடத் தெரியாததால் பயணம் ரத்தாகிறது. அந்தச் செய்தியைக் கேட்டதும் காய்ச்சல் பாதி குறைந்துவிடுவதாக அவர் வீட்டார் கூறுகின்றனர்.