லென்ஸ் மாமா

சென்னையில் எந்த அடுக்ககத்திலும் ஒரு லென்ஸ் மாமா இருப்பார். பேங்கில் ரிடையர் ஆனவர். காயலான் கடைக்காரருக்கு ஜன்ம சத்துரு. யார் வீட்டு சி.டி. பிளேயராவது 'நோ டிஸ்க்' என்று காட்டிவிட்டால் மாமாவுக்கு அன்றைக்குத் தீபாவளி.

முதலில் நாடி பார்ப்பார். "கடையில வாங்கின சி.டி. பாடறதா? ரைட் பண்ணினது பாடலையா? அப்போ லேசருக்கு வயசாயிடுத்து." இதில் உண்மை இல்லாமல் இல்லை. ரைட் பண்ணிய சி.டி. வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைவாகத்தான் திருப்பித் தரும். ஓய்ந்துபோன லேசர் அதில்தான் முதலில் தடுமாறும். பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு லென்ஸைத் துடைப்பார். அதற்கும் மசியாவிட்டால், பக்கத்தில் கடுகளவு ஒரு திருகு இருக்கிறதே, அதைத் திருகி லேசருக்குக் கரண்டைக் கூட்டலாம். நாலு நாள் பிரமாதமாகப் பாடும், பிறகு ஒரேயடியாகக் கண்ணை மூடிவிடும். அதைத் தொடவே கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசிக்கிற மாமாவின் அலமாரியில் அப்படிப் பரலோகம் போனவை ஒரு டப்பா நிறைய உண்டு.

அடுத்தது, லேசரும் லென்ஸும் சேர்ந்த பாகமான பிக்கப்பைப் புதிதாக வாங்க ரிச்சி தெரு யாத்திரை. "சோனி கே.எஸ்.எஸ். 213 இருக்கா? ஒரிஜினல்தான் வேணும்." கடைப் பையன் ஒரிஜினலையும் மற்றதையும் ஒரே டப்பாவிலிருந்துதான் எடுத்துத் தருவான். மாமா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டுவார்.

வீட்டில் அறுவை சிகிச்சை. நம் உடம்பில் தேங்கும் மின்னேற்றம் பட்டாலே புது லேசர் போய்விடும் என்பதால், மணிக்கட்டில் செப்புக் கம்பி சுற்றி மறுமுனையைச் சமையலறைக் குழாயில் கட்டியிருப்பார், கோயில் யானை மாதிரி. நகர முடியாது. காபி, ஸ்க்ரூ டிரைவர், விசிறி எல்லாம் மாமிதான் கொண்டு வந்து தர வேண்டும். புது பிக்கப்பில், கம்பெனிக்காரனே காப்புக்காக ஈயப் பொட்டு ஒன்று வைத்திருப்பான். ரிப்பன் கேபிளைச் செருகிய பிறகுதான் அதை எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் லேசர் எரியாது. "எட்டிப் பார்க்காதே! 780 நானோமீட்டர், கண்ணுக்கே தெரியாது!" என்று பேரனுக்கு ஒரு அதட்டல்.

பாடிவிட்டது! மாமி ஆசையாக வந்து உட்காருவார். போட்டிருப்பது 2005இல் வந்த இளையராஜாவின் திருவாசகம். ஊரே உருகிய இசை. மாமா பத்தாவது வினாடியில் அடுத்த ட்ராக்குக்குத் தாவுவார்.

"ஏன்னா, ஒரு பாட்டையாவது முழுசா விடுங்கோளேன்."

"நன்னாருக்கே! சி.டி. உள்ளேர்ந்து வெளியே போறது. கடைசி ட்ராக் வரைக்கும் லென்ஸ் நகர்றதான்னு பார்க்க வேண்டாமா?"

கடைசி ட்ராக்கும் தடங்கலில்லாமல் பாடியது. மாமாவின் முகம் வாடிவிட்டது. ஸ்டாப்பை அழுத்தினார்.

"கீழ் ஃபிளாட்டுல ஒரு பிளேயர் இருக்குமே, அது எப்படி, ஒழுங்காப் பாடறதாமா?"