கதவுக்குள்ளே மழை

கே: என் பழைய புரோட்டான் இஸ்வாரா காரின் டோர் பேனல் அடிப்பக்கம் ஊறப்போட்ட உளுந்துபோல் உப்பிவிட்டது. பசை போட்டு ஒட்டினேன். ஒரே மழையில் மறுபடி கிளம்பிவிட்டது. எந்தப் பசை நல்லது? – வாசகர், செந்தூல் பாசார்

ப: பசையை விடுங்கள், தண்ணீரைத் தேடுங்கள். அந்தக் காலத்துப் பேனல், வினைல் போர்த்திய ஹார்ட்போர்டு. மரநாரை அழுத்திச் செய்த அட்டை அது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வளையும். மழைநீர் கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் இறங்குவது எல்லாக் கார்களிலும் உண்டு. கதவின் அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறிவிடும். அந்த ஈரம் அட்டையில் படாமல் காக்கத்தான் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருப்பார்கள். கண்ணாடி மோட்டாரோ பூட்டோ பழுதானபோது யாரோ அதைக் கிழித்துவிட்டு, திரும்ப ஒட்டாமல் மூடியிருப்பார். பேனலைக் கழற்றிப் பாருங்கள். தாள் இல்லையென்றால் தடித்த பாலித்தீனை அளவாக வெட்டி, பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டுங்கள். தாளின் கீழ் ஓரம் கதவின் உட்புறமாகச் செருகியிருக்க வேண்டும். அப்போதுதான் தாளில் வழியும் நீர் கதவுக்குள்ளேயே விழும். இதைச் செய்யாமல் அட்டையை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.

கே: கண்ணாடி சுற்றும் கைப்பிடி கழலவே மாட்டேன் என்கிறதே? – வாசகி, பத்துமலை

ப: அதன் பின்னால் ஒரு சிறு கம்பிக் கிளிப் பிடித்திருக்கிறது. ஒரு துணித்துண்டைக் கைப்பிடிக்கும் பேனலுக்கும் இடையே நுழைத்து, இரு முனையையும் பிடித்து இடம் வலமாக இழுங்கள். கிளிப் தெறித்து வரும். மறுகையால் மூடிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் தேட வேண்டியிருக்கும். பிறகு ஆர்ம்ரெஸ்ட் திருகுகள், கதவு திறக்கும் பிடியின் திருகு. கடைசியில்தான் ஓரத்துக் கிளிப்புகள்: ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே நெம்ப வேண்டும். தூரத்தில் நெம்பினால் கிளிப்போடு அட்டையும் பிய்ந்து வரும்.

கே: வளைந்த அட்டையை நிமிர்த்த முடியுமா, புதிதுதான் வெட்ட வேண்டுமா? – வாசகர், கிள்ளான்

ப: விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பின்பக்கம் லேசாக ஈரமாக்கி, இரண்டு சமமான பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றி, முழுவதும் காயும்வரை தொடாதீர்கள். வெயிலில் காயவைத்தால் மறுபடி வளையும். காய்ந்ததும் பின்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் வார்னிஷ் பூசுங்கள். அட்டை கூழாகி உதிர்ந்தால் பரிதாபப்பட வேண்டாம்: 3 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் பழையதையே அச்சாக வைத்து வெட்டுங்கள். வினைலைக் குஷன் கடையில் புதிதாகப் போர்த்தித் தருவார்கள். அட்டை நன்றாக இருந்து கிளிப் துளை மட்டும் பிய்ந்திருந்தால், பின்னால் சிறு பிளைவுட் துண்டை எபோக்சியால் ஒட்டித் துளையிட்டால் போதும்.

கே: என் பேனல் முழுக்கப் பிளாஸ்டிக். ஹேர் டிரையர் காட்டலாமா? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

ப: முதலில் பின்பக்க முத்திரையில் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று படியுங்கள். ஏபிஎஸ் சுமார் 100 டிகிரியில் இளகும். மெதுவாகச் சூடாக்கி, நிமிர்த்தி, ஆறும்வரை பிடித்திருந்தால் நிற்கும். பிபி (பாலிபுரொப்பிலீன்) என்றிருந்தால் சாதாரணப் பசை அதில் ஒட்டாது, பிளாஸ்டிக் வெல்டிங்தான். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் கதவுக்குள் சென்சார் இருக்கலாம்; பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் கதவைத் தொடாதீர்கள்.

கே: இவ்வளவு பழைய காருக்கு எதற்கு இந்தப் பாடு? மகன் விற்கச் சொல்கிறான். – வாசகர், ஈப்போ சாலை

ப: இன்ஜினும் பிரேக்கும் சரியாக இருந்தால் விற்காதீர்கள். 1985 ஜூலையில் முதல் புரோட்டான் சாகா வந்த நாளிலிருந்து நம் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றைச் சுமந்தவை இந்தக் கார்கள்தாம். 15 ஆண்டு தாண்டிய வாகனங்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை என்று 2009இல் மலேசிய அரசு அறிவித்தபோது, மக்கள் எதிர்ப்பு கிளம்பி அது கைவிடப்பட்டதை மகனுக்குச் சொல்லுங்கள். அரை நாள் வேலை, ஒரு பிளைவுட் பலகை, ஒரு சுருள் டேப்; இதைத் தவிர்க்கப் புதுக் காருக்குக் கடன் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கே: கதவை மூடும்போது உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கிறது. – வாசகி, பண்டார் பாரு செந்தூல்

ப: அடித்துளைகள் அடைபட்டிருக்கின்றன. இன்றே மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள். தாமதித்தால் கதவே துருப்பிடிக்கும். இனி எந்தப் பட்டறையில் கதவைப் பிரித்தாலும், பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டித் தரும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒட்டி முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.