ரிப்பன் வெட்டியவர் உறுப்பினர் ஆனாரா?

இந்த முறை மூங்கில்துறைப்பட்டும் சுற்றுவட்டாரமும். எல்லாக் கடிதங்களிலும் நூலகம், கல்வெட்டு, மேடை.

ஊருக்கு ஒரு நூலகக் கட்டடம் வந்தால் போதும், ‘நான்தான் கொண்டு வந்தேன்’ என்று நாலு பேர் போஸ்டர் அடிக்கிறார்கள். நிஜத்தில் யார் கொண்டு வருவது? — கரும்பு விவசாயி, மூங்கில்துறைப்பட்டு

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ‘நூலக வரி’ என்று தனியாக ஒரு தொகை இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. அதைக் கட்டுகிறவர்தான் நீங்கள் தேடும் ஆள். கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம்.

1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டது. சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் வருஷக்கணக்கில் விடாமல் கேட்டார். கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் முடித்துக் கொடுத்தார். ஆட்சியில் இருப்பவர் மனசு வைத்தால்தான் நூலகம் என்கிற நிலை வரக்கூடாது, வரியோடு சேர்த்தே காசு வந்துவிட வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் கெட்டிக்காரத்தனம். கட்டடத்துக்கு எம்.பி. நிதி, எம்.எல்.ஏ. நிதி என்று வேறு வழியிலும் பணம் வரலாம். அதுவும் நீங்கள் சோப்பு வாங்கும்போது கட்டியதுதான்.

ஊராட்சித் தலைவர் பங்கு ஒன்றுமே இல்லையா? — வார்டு உறுப்பினரின் அண்ணன், மணலூர்ப்பேட்டை சாலை

இடம் ஒதுக்கித் தருவது, தீர்மானம் போடுவது, நடையாய் நடப்பது எல்லாம் உண்டு. நல்ல தலைவர் அமைந்தால் கல்வெட்டில் அவர் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே போடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2016 அக்டோபரில் பழைய தலைவர்களின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போனது. 2019 நவம்பரில் நம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. புது மாவட்டம் என்பதால் அந்த டிசம்பர் தேர்தலும் நமக்கு இல்லை. 2021 அக்டோபரில்தான் ஓட்டுப் போட்டோம். ஐந்து வருஷம் தனி அலுவலர் ஆட்சி. தலைவர் இல்லாமல் ஊராட்சி ஓடியது. வீட்டு வரி கட்டாமல் ஒருநாளும் ஓடவில்லை.

அப்படியானால் கல்வெட்டே வேண்டாம் என்கிறீர்களா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், வடபொன்பரப்பி

ஐயா, வேண்டும், கட்டாயம் வேண்டும். எம்.பி. நிதியில் கட்டினால் பலகை வைத்தே ஆக வேண்டும் என்று அந்தத் திட்டத்தின் விதியே இருக்கிறது. நான் கேட்பது எழுத்தின் அளவை மாற்றச் சொல்லித்தான். நம் கல்வெட்டுகளில் முன்னிலை, தலைமை, வாழ்த்துரை எல்லாம் தூரத்திலிருந்தே தெரிகிறது. மதிப்பீட்டுத் தொகையும் நிதியாண்டும் குனிந்து பார்த்தால் தெரிகிறது, சில இடத்தில் குனிந்தாலும் இல்லை. பெயரையும் தொகையையும் இடம் மாற்றிப் பொறித்தால் கல்வெட்டு தணிக்கை அறிக்கையாகிவிடும்.

‘ஸ்டிக்கர் ஒட்டுவது’ எப்போது ஆரம்பித்தது? — கல்லூரி மாணவர், சங்கராபுரம்

ஒட்டுவது பழைய வழக்கம். பேர் வாங்கியது 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில். தன்னார்வலர்கள் கொண்டு போன நிவாரணப் பொருளிலும் ‘அம்மா’ படம் ஒட்டச் சொல்கிறார்கள் என்று புகார் கிளம்பியது. 2021-க்குப் பிறகு எடப்பாடி பழனிசாமி, ‘எங்கள் திட்டத்துக்கு தி.மு.க. ஸ்டிக்கர் ஒட்டுகிறது’ என்று மேடைக்கு மேடை சொன்னார். பசை வியாபாரி மட்டும் எந்தக் கட்சியையும் குறை சொல்லவில்லை.

கன்னிமாரா நூலகத்தைக் கட்டியது கன்னிமாராவா? — போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மூங்கில்துறைப்பட்டு

நல்ல கேள்வி தம்பி, தேர்வில் இப்படிக் கேட்க மாட்டார்கள். கன்னிமாரா பிரபு சென்னையின் கவர்னர். 1890 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார். அதே வருஷம் பதவியை விட்டுவிட்டுக் கப்பலேறினார். கட்டடம் எழும்பி, 1896 டிசம்பர் 5 அன்று திறந்தபோது கவர்னர் ஆர்தர் ஹேவ்லாக். ரிப்பன் அவருக்கு, பெயர் இவருக்கு. நூறு வருஷத்துக்கு மேலாக எத்தனையோ பேர் அங்கே உட்கார்ந்து படித்து உத்தியோகத்துக்குப் போயிருக்கிறார்கள். கன்னிமாரா யார் என்று அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அதனால்தான் அந்தப் பெயரால் நூலகத்துக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ஊரை விட்டே போன ஆளின் பெயர் மேல் யாருக்கு என்ன பகை?

பெருமை தேடினால் தேடிவிட்டுப் போகட்டும், புத்தகம் வந்தால் சரிதானே? — தையற்கடைக்காரர், மூங்கில்துறைப்பட்டு

நானும் அந்தக் கட்சிதான் அண்ணாச்சி. பெருமைக்கு ஆசைப்பட்டாவது ஒருவர் நூலகம் கட்டினால் லாபம் நமக்கு. வில்லங்கம் அடுத்த தேர்தலில் வருகிறது. ஒரு கட்டடத்தில் ஒருவர் பெயர் ஆழமாகப் பதிந்துவிட்டால், எதிர்த்து ஜெயித்து வருகிறவருக்கு அது நூலகமாகத் தெரிவதில்லை. எதிரியின் கொடிக்கம்பமாகத் தெரிகிறது.

கோட்டூர்புரத்தைப் பாருங்கள். அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2010 செப்டம்பர் 15 அன்று கருணாநிதி திறந்து வைத்தார். 2011 மே மாதம் ஆட்சி மாறியது. அந்த நவம்பர் 2-ஆம் தேதி, நூலகத்தைக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்துக்கு மாற்றப் போகிறோம், கட்டடம் குழந்தைகள் மருத்துவமனையாகும் என்று ஜெயலலிதா அரசு அறிவித்தது. குழந்தைகள் மருத்துவமனை வேண்டாம் என்று யார் வாய் திறந்து சொல்ல முடியும்? அங்கேதான் சாமர்த்தியம். வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் தப்பியது. இத்தனைக்கும் வாசலில் இருந்த பெயர் அண்ணா. இரண்டு கட்சிக்கும் பொதுவானவர்.

சென்னைக்கு நீதிமன்றம் பக்கம். கிராமத்துக்கு? 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் ஆளுக்கொரு நூலகம் என்று திட்டம். 2011-இல் வந்த அரசு அந்தத் திட்டத்தை ஓரங்கட்டிவிட்டு ‘தாய்’ திட்டம் என்று புதிதாகக் கொண்டுவந்தது. பல ஊர்களில் நூலகக் கதவு பூட்டியே கிடந்தது, ஒட்டடை, கரையான். 2021-இல் மறுபடி ஆட்சி மாறியதும் அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் இரண்டாம் பாகம் வந்தது. சினிமாவில்தான் முதல் பாகம் ஓடினால் இரண்டாம் பாகம் எடுப்பார்கள்.

ஒரு பெரிய மனிதர் கட்டடம் கட்டித் தருகிறேன், என் அப்பா பெயர் வைக்க வேண்டும் என்கிறார். சம்மதிக்கலாமா? — பெயர் வேண்டாம், புதுப்பட்டு

பெயரைக் கொடுங்கள், நிபந்தனையை வாங்குங்கள். அமெரிக்க உருக்கு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி உலகம் முழுக்க 2,500-க்கும் மேல் நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். கேட்ட ஊருக்கு அவர் போட்ட முக்கிய நிபந்தனை: நான் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஊர் தன் வரிப்பணத்திலிருந்து வருஷா வருஷம் செலவழிக்கச் சம்மதிக்க வேண்டும். கட்டடம் ஒரு தடவைச் செலவு. நூலகர் சம்பளம், கரண்ட் பில், புதுப் புத்தகம் எல்லாம் நிற்காத செலவு என்பது அவருக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பெரிய மனிதரிடம் கேட்டுப் பாருங்கள்: அப்பா பெயரில் கட்டடம் சரி, தினசரிப் பத்திரிகைக்கு மாசா மாசம் பணம் யார் பெயரில்?

திறப்பு விழாவில் வரவேற்பு நடனம் ஆடினேன். இப்போது புத்தகம் எடுக்கப் போனால் பாதி நாள் பூட்டியிருக்கிறது. — பத்தாம் வகுப்பு மாணவி (ஊரைப் போடாதீர்கள் என்று எழுதியிருக்கிறார்)

ஆடியதற்குச் சம்பளமாகப் பத்து ரூபாய் அப்பாவிடம் வாங்கிக்கொள் கண்ணு. தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு அதுதான் கட்டணம். மனுவை அவர் பெயரிலேயே போடட்டும். நாலு கேள்வி போதும்: நூலகர் பணியிடம் நிரப்பப்பட்டதா, திறந்திருக்க வேண்டிய நேரம் என்ன, கடைசியாகப் புத்தகம் எப்போது வந்தது, ஊராட்சி வசூலித்த நூலக வரி எவ்வளவு, அதில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு. (எண்ணினால் ஐந்து வரும். கடைசிக் கேள்வி பெரியவர்களுக்கானது.) வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் பாக்கி வைப்பது தமிழ்நாட்டில் புது விஷயமில்லை, மாநகராட்சிகளே அந்த வரிசையில் நின்றிருக்கின்றன.

விழாவுக்கு எதிர்க்கட்சிக்காரரைக் கூப்பிட்டால் எங்கள் ஆட்கள் கோபிப்பார்கள். கூப்பிடாவிட்டால் அவர்கள் மறியல். — ஒன்றியப் பிரதிநிதி

யாழ்ப்பாணத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் வந்தது. 1981-இல் எரிக்கப்பட்ட நூலகத்தைத் திருப்பிக் கட்டி முடித்தார்கள். 2003 பிப்ரவரியில் திறப்பு விழா. யார் திறப்பது, இப்போது திறக்கலாமா என்று விடுதலைப் புலிகள் எதிர்த்தார்கள், விழா நின்றது, மாநகர சபை உறுப்பினர்கள் ராஜினாமா செய்தார்கள். பிற்பாடு விழாவே இல்லாமல் வாசகர்களுக்குக் கதவு திறந்தது. விழா இல்லை என்பதற்காக எந்த வாசகரும் திரும்பிப் போகவில்லை.

மலைமேல் எங்கள் பக்கம் பெருமைக்குச் சண்டை போடக்கூட ஆள் வருவதில்லை. — வெள்ளிமலை வாசகர்

1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை; சண்டை உங்களிடம் தாமதமாகத்தான் வரும். கல்வராயனில் வீடுகள் பள்ளத்துக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று. ஓரிடத்தில் கட்டடம் கட்டினால் மற்ற ஊர்க்காரர் நடந்தே களைத்துவிடுவார். 1931-இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். உங்களுக்கு வேண்டியதும் சக்கரம் வைத்த நூலகம்தான். என்ன, வண்டியில் கல்வெட்டு பதிக்க முடியாது. அதனால்தான் யாரும் ஆர்வம் காட்டவில்லையோ என்னவோ.

தென்பெண்ணையில் பாலம் போனபோது ‘நான்தான் கட்டினேன்’ என்று யாராவது வந்தார்களா? — டீக்கடை, மூங்கில்துறைப்பட்டு

அகரம்பள்ளிப்பட்டுப் பாலத்தைச் சொல்கிறீர்கள். ஏறத்தாழ 16 கோடி ரூபாய், திறந்து மூன்றே மாதம், 2024 டிசம்பர் வெள்ளத்தில் போனது. சாத்தனூர் அணையிலிருந்து கணக்கிட்டதைவிடப் பல மடங்கு தண்ணீர் வந்தது என்றது அரசு. திறந்தபோது பெருமை மேடைக்கு, போனபோது பொறுப்பு சாத்தனூர் அணைக்கு.

ரிப்பன் வெட்டியவர் என்றைக்காவது அங்கே புத்தகம் எடுப்பாரா? — இல்லத்தரசி, மூங்கில்துறைப்பட்டு

நூலகரிடம் உறுப்பினர் பதிவேடு இருக்கும் அக்கா, பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்த விழாவில் கத்தரிக்கோல் தட்டிலேயே உறுப்பினர் படிவத்தையும் வைத்து நீட்டச் சொல்லுங்கள். கேமரா முன்னால் கையெழுத்துப் போட அவருக்குத் தயக்கமே இருக்காது. புத்தகத்தைத் திருப்பித் தரத் தாமதமானால் அபராதம் உண்டு என்பதை மாலை வாடிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.