விடுமுறைக்கு ஊர் திரும்பும் முதுகலைப் பொருளியல் மாணவரிடம் கேட்கப்படும் கேள்விகள்: கள்ளக்குறிச்சி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக 1915இன் இறுதியில் வந்து சேர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தார். விடுமுறையில் ஊருக்குப் போய், நிலம் யாருடையது, மாடு எத்தனை, கூலி என்ன, கடன் எவ்வளவு என்று விசாரித்து வரச் சொன்னார். தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றி 1918இல் அவர் தொகுத்து வெளியிட்ட நூல் அப்படிப் பிறந்ததுதான். அதில் வரும் இருவேல்பட்டு தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. கள்ளக்குறிச்சியும் அன்று அதே ஜில்லாவின் தாலுகா. நூறாண்டில் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டது என்பதே இவ்வாய்வின் கருதுகோள். இன்று ஊர்தான் மாணவரை விசாரிக்கிறது.

விசாரிக்கப்படுவதற்கு முன் அவர் மாணவராகச் சேர்ந்தாக வேண்டும். முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வில் 75 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். இதில் சிரமம் ஒன்றுமில்லை. சிரமமெல்லாம் விண்ணப்பத்தில் ‘மாவட்டம்’ என்றிருக்கும் கட்டத்தில். தாத்தாவின் பத்திரத்தில் தென்னாற்காடு. 1993இல் விழுப்புரம் பிரிந்ததால் மாணவரின் பிறப்புச் சான்றிதழில் விழுப்புரம். 2019 நவம்பரில் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்ததால் சாதிச் சான்றிதழில் கள்ளக்குறிச்சி. குடும்பம் திண்ணையை விட்டு நகரவில்லை. மாவட்டம்தான் இரண்டு முறை குடிபெயர்ந்திருக்கிறது. கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போவோரைப் பற்றி ஹாரிஸும் டொடாரோவும் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த வகை இடப்பெயர்வுக்கு இடமே இல்லை.

கல்வராயன் மலை மாணவருக்குக் கூடுதலாக ஒரு படி உண்டு. பழங்குடியினர் சான்றிதழுக்குத் தாசில்தார் கையெழுத்து போதாது, கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும். வாய்ப்புச் செலவு என்ற பாடத்தை, வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே அவர் படித்து முடித்துவிடுகிறார். (ஸ்லேட்டரின் பட்டியல் மலைக்கு வந்திருந்தால், நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அதிக நேரம் பிடித்திருக்காது. 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை மலை ஜாகீர்தார்களின் கையில்தான் இருந்தது.)

இனி ஊரின் கேள்விப் பட்டியல். கள ஆய்வு டீக்கடை, கல்யாண மண்டபத்தின் பந்தி வரிசை, மாரியம்மன் கோயில் வாசல் ஆகிய இடங்களில் நடைபெறுகிறது. முதல் கேள்வி எங்கும் ஒன்றே: “என்னா தம்பி படிக்கிற?” எம்.ஏ. எகனாமிக்ஸ் என்றதும் இரண்டாவது: “பேங்க் வேலைக்கா?” இல்லை என்று சொல்லும் மாணவர்மீது லேசான இரக்கம் காட்டப்படுகிறது. மூன்றாவது கேள்விதான் பகுதிக்குப் பகுதி மாறும். சர்க்கரை ஆலை இருக்கும் பக்கம் கரும்பு, சின்னசேலம் பக்கம் மரவள்ளி, பெண்கள் கூடும் எவ்விடத்திலும் பவுன். ஏறுமா, இறங்குமா? “தேவையும் அளிப்பும்தான் தீர்மானிக்கும்” என்று விடையளித்த மாணவர் எவரும் இரண்டாவது டீ பெற்றதாகத் தெரியவில்லை. கரும்புக்கு மத்திய அரசு அறிவிக்கும் விலை மாணவருக்குத் தெரியும். அந்தப் பணம் எந்த மாதம் கைக்கு வரும் என்பது பெரியப்பாவுக்குத் தெரியும். உரையாடல் இந்த இடத்தில் பெரியப்பாவுக்குச் சாதகமாகத் திரும்புவது இயல்பே.

நெட் தேர்வில் (பொருளியலின் பாட எண் 01, வரிசையில் முதலிடம் கிடைத்திருப்பது இங்கு மட்டும்தான்) ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவரின் நிலை சற்றே மேல். மாதம் 37,000 ரூபாய் என்றதும் பந்தியில் இலை போடுவதுகூட ஒரு கணம் நிற்கிறது. “படிக்கிறதுக்கு அவன் உனக்குத் தர்றானா, நீ அவனுக்குக் கட்டுறியா?” என்று மாமா உறுதிப்படுத்திக்கொள்கிறார். அத்தை ஒருவர் உடனே சொன்னார்: “அப்ப ஏன் முடிக்கிற? படிச்சிக்கிட்டே இரு.” இறுதிநிலைப் பகுப்பாய்வை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. முனைவர் பட்ட மாணவர்கள் பலர் ஆய்வேட்டை முடிக்கத் தாமதிப்பதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுவோர் அத்தையைச் சந்திக்க வேண்டும்.

முறையியலிலும் ஊரே முன்னணியில் நிற்கிறது. இருவேல்பட்டை அறிஞர்கள் 1930களில் மறுபடி பார்த்தார்கள். பிறகு 1980களில், பிறகு 2008இல். உறவினர்களோ அதே மாணவரைப் பொங்கலுக்கு ஒருமுறை, ஆடித் திருவிழாவுக்கு ஒருமுறை, நடுவில் வரும் ஒவ்வொரு காதுகுத்துக்கும் ஒருமுறை மறுஆய்வு செய்கிறார்கள். போன தடவை சொன்ன பதிலோடு ஒப்பிட்டும் பார்க்கிறார்கள். மாதிரியிலிருந்து எவரும் விடுபடுவதில்லை. பரீட்சை இருக்கிறது என்று ஊருக்கு வராமல் தப்பியவர்களின் தரவையும் தாயாரிடம் கேட்டு வாங்கிவிடுகிறார்கள்.

பிழை நுழைவது இங்கேதான். யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஐ.இ.எஸ். தேர்வு, அதாவது இந்தியப் பொருளாதாரப் பணிக்கான தேர்வு, எழுதப்போவதாக ஒரு மாணவர் வீட்டில் சொல்லியிருந்தார். ஊர்ப் பதிவேட்டில் அது ஐ.ஏ.எஸ். என்று ஏறியிருந்தது. அதன்பின் அவரிடம் கரும்பு விலையும் கேட்கப்படவில்லை, பவுன் விலையும் கேட்கப்படவில்லை. டீக்கடையில் காசும் வாங்கப்படவில்லை. அளவீட்டுப் பிழையைத் திருத்துவது ஆய்வாளரின் கடமை என்று அவரே வகுப்பில் படித்தவர். திருத்தினால் முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்குவார்கள் என்பதால் விட்டுவிட்டாராம்.