முதுகுக்குப் பின்னால் லேசர்

கே: காரின் பின்விளக்கில் லேசர் வைக்கிறார்களாமே! பின்னால் வரும் வண்டி இரண்டு துண்டாகிவிடாதா?
– ஆக்‌ஷன் பட ரசிகர், மதுரை

ப: ஆகாது. வில்லனின் லேசர் வெளியே பாயும். கார் லேசர் பெட்டியை விட்டு நகராது. அதன் ஒளி மட்டும் ஒரு மெல்லிய இழைக்குள் நுழைந்து, வழிநெடுகச் சிதறி, சாதுவான சிவப்பு வெளிச்சமாக வெளியே வருகிறது. உங்கள் கண்ணில் படுவது சிதறிய அந்த ஒளிதான்.

கே: எல்.இ.டி. இருக்கும்போது லேசர் எதற்கு? வெளிச்சம் அதிகமா?
– சந்தேகப் பிராணி, ஈரோடு

ப: வெளிச்சத்துக்காக இல்லவே இல்லை. ஐரோப்பிய விதிப்படி ஒரு டெயில் லைட் குறைந்தபட்சம் 4 கேண்டலா காட்டினால் போதும். கேண்டலா என்பது ஏறக்குறைய ஒரு மெழுகுவத்தி. பிரேக் விளக்குக்கு 60. இதற்குப் போய் லேசரா என்றுதான் எவருக்கும் தோன்றும்.

லேசரின் சாமர்த்தியம் வேறு. எல்.இ.டி.யின் ஒளி பரந்து விரிந்து கொட்டும். அதைக் கால் மில்லிமீட்டர் இழைக்குள் புகுத்தப் பார்த்தால் பெரும்பகுதி வெளியே சிந்திப் போகும். லேசர் ஒளியை அந்தச் சின்ன வாய்க்குள் அப்படியே இறக்கிவிடலாம். அதனால் ஒளி பிறக்கும் இடம் ஒன்றாகவும் ஒளி தெரியும் இடம் இன்னொன்றாகவும் இருக்கலாம். மொட்டை மாடியில் தொட்டி, கீழே குழாய் என்கிற ஏற்பாடு. லேசர் டயோடை வண்டிக்குள் வெயிலும் தண்ணீரும் படாத மூலையில் உட்கார வைத்துவிட்டு, இழையை மட்டும் பின்னால் அனுப்பினால் போதும். விளக்கு இருக்கும் இடத்தில் ஒயர் இல்லை, மின்சாரம் இல்லை, மழைத் தண்ணீர் புகுந்தால் துருப்பிடிக்க ஒன்றும் இல்லை. சிவப்பு டயோடுக்குச் சூடு ஆகாது. சூடேறினால் வேலை குறையும். ஆகவே இந்தத் தனிக்குடித்தனம் அதற்கும் நல்லது.

கே: இதெல்லாம் கண்காட்சியில் காட்டுவதோடு சரியா, யாராவது விற்றிருக்கிறார்களா?
– கோவை வாசகர்

ப: விற்றிருக்கிறார்கள். 2022-ல் பி.எம்.டபிள்யூ கொண்டுவந்த எம்4 சி.எஸ்.எல். காரின் பின்விளக்கைப் பாருங்கள். உள்ளே ஒளியிழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். அவற்றுக்கு ஒளி கொடுப்பது லேசர். செய்தது 1000 கார்கள் மட்டும். பிறகு அதே பாணி விளக்கு மற்ற எம்4களுக்கும் இறங்கி வந்தது. 550 குதிரைசக்திக் காரில் மற்றவர்கள் பார்க்க வாய்ப்புள்ள ஒரே பகுதி அதன் பின்பக்கம்தான். காசை அங்கே கொட்டியது நியாயமே.

யோசனை புதிதல்ல. போர்டு நிறுவன ஆய்வாளர்கள் 1990களிலேயே, எங்கோ தள்ளி வைத்த லேசரிலிருந்து இழை வழியாக வண்டி விளக்கை எரிப்பதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். டயோடு விலை இறங்கத்தான் இத்தனை காலம்.

கே: பத்து வருஷம் முன்பு ‘லேசர் ஹெட்லைட்’ என்று அமர்க்களப்படுத்தினார்களே, அது என்ன ஆயிற்று?
– திருச்சி வாசகர்

ப: 2014-ல் பி.எம்.டபிள்யூ ஐ8, ஆடி ஆர்8 எல்.எம்.எக்ஸ். இரண்டும் ‘நான்தான் முதல்’ என்று முட்டி மோதின. நீல லேசரை பாஸ்பர் துண்டின் மேல் அடித்து வெள்ளை ஒளியாக்கி, ஹை பீமை 600 மீட்டர் வரை வீசினார்கள். அமெரிக்காவிலோ ஹை பீம் வெளிச்சத்துக்கான உச்சவரம்பு ஐரோப்பாவைவிட மிகக் குறைவு. அங்கே இந்த வீரமெல்லாம் அடக்கித்தான் வாசிக்கப்பட்டது. அதற்குள் எதிரே வருபவர் மேல் மட்டும் ஒளி படாமல் மறைக்கும் மேட்ரிக்ஸ் எல்.இ.டி. மலிவாக வந்து சேர்ந்தது. இப்போது பி.எம்.டபிள்யூவே புதிய மாடல்களில் லேசர் ஹெட்லைட்டைக் கழற்றி வருகிறது. முன்பக்கம் லேசர் போட்டி போட்டது வெளிச்சத்தில், அதில் எல்.இ.டி. எட்டிப் பிடித்துவிட்டது. பின்பக்கம் அது போட்டி போடுவது இடத்தில். அங்கே அது பிழைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கே: சிவப்பு சரி. மஞ்சள் இண்டிகேட்டரையும் லேசரிலேயே செய்துவிடலாமே?
– இயற்பியல் ஆசிரியர், தஞ்சாவூர்

ப: சரியான இடத்தில் கை வைத்தீர்கள் சார். சிவப்பு லேசர் டயோடுக்கு ஒரு வகைப் படிகம், நீலத்துக்கும் பச்சைக்கும் இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவே, சுமார் 570 முதல் 600 நானோமீட்டர் வரை, வண்டியில் மாட்டத் தக்க டயோடு எதுவும் கடையில் கிடைக்காது. இண்டிகேட்டரின் மஞ்சள் மிகச் சரியாக அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது!

சுற்றுவழி உண்டு. இழை வழியாக நீலத்தை அனுப்பி, கடைசியில் பாஸ்பர் வைத்து மஞ்சளாக்கலாம். அல்லது சிவப்பையும் பச்சையையும் கலக்கலாம். ஆனால் சூட்டில் ஒன்று சற்று மங்கினாலும் நிறம் விதியைத் தாண்டி ஓடிவிடும். அமெரிக்கர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அங்கே பின் இண்டிகேட்டர் சிவப்பாகவே இருக்கலாம். நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் மஞ்சள்தான். பிரேக் பிடிக்கிறானா, திரும்புகிறானா என்று பின்னால் வருபவன் ஆரூடம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் என் ஓட்டு மஞ்சளுக்கே.

சிவப்பிலும் ஒரு கொக்கி இருக்கிறது. எல்.இ.டி. டெயில் லைட்டின் சிவப்பு பெரும்பாலும் 620 நானோமீட்டர் வாக்கில். எளிதில் கிடைக்கும் சிவப்பு லேசர் 640 வாக்கில். நம் கண்ணுக்கு 640-இன் சிவப்பு, 620-இல் பாதி அளவுக்குக்கூடப் பிரகாசமாகத் தெரியாது. ஆகவே அதே பிரகாசத்தைக் காட்ட லேசர் இரண்டு மடங்குக்கு மேல் ஒளியை உமிழ வேண்டும்.

கே: லேசர் பிரேக் விளக்கு சீக்கிரம் எரியுமாமே?
– டாக்சி ஓட்டுநர், சென்னை

ப: பழைய பல்போடு ஒப்பிட்டால் ஆமாம். பல்பின் இழை பழுத்து முழு வெளிச்சம் தர ஏறக்குறைய 0.2 விநாடி பிடிக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் பின்வண்டி ஐந்தரை மீட்டர் வந்துவிடும். அந்த லாபத்தை எல்.இ.டி.யே வாங்கித் தந்துவிட்டது அண்ணே. அதற்கு மேல் லேசர் மிச்சப்படுத்தும் நேரத்தில் நீங்கள் கண்ணைக்கூடச் சிமிட்ட முடியாது.

கே: இன்டர்நெட் வருகிற ஃபைபரும் இதுவும் ஒன்றா?
– பத்தாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

ப: உறவுதானம்மா, குணம் நேரெதிர். இன்டர்நெட் இழையில் ஒளி கசியவே கூடாது. 1966-ல் சார்ல்ஸ் காவ், கண்ணாடியில் உள்ள அழுக்கை நீக்கினால் ஒளியைப் பல கிலோமீட்டர் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 2009-ல் நோபல் வாங்கினார். கார் விளக்கு இழையிலோ வேண்டுமென்றே சொரசொரப்பும் சிதறல் புள்ளிகளும் வைத்து, நீளவாக்கில் ஒரே சீராகக் கசிய விடுகிறார்கள். தூரமும் இரண்டு மூன்று மீட்டர்தான், பிளாஸ்டிக் இழையே போதும். ஆனால் அதை இன்ஜின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. 85 டிகிரியைத் தாண்டினால் தாங்காது.

கே: ஃபைபரைக் கண்டுபிடித்தவர் நம்மவராமே?
– தேசபக்தர், வேலூர்

ப: ‘கண்டுபிடித்தவர்’ என்ற பட்டத்துக்குப் பல பேர் வரிசையில் நிற்கிறார்கள். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் இயற்பியலாளர் ஹாப்கின்சுடன் சேர்ந்து இழைக்கற்றை வழியாகப் படத்தையே அனுப்பிக் காட்டி 1954-ல் எழுதினார். நோபல் தரவில்லை. மறைந்த பிறகு 2021-ல் பத்ம விபூஷண் தந்தோம்.

கே: ஒரே லேசர் எல்லா விளக்கையும் எரித்தால், அது செத்ததும் வண்டியே இருட்டாகிவிடாதா?
– எதிர்க்கட்சி, சேலம்

ப: ஆகும். இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனமே அதுதான். டெயில் லைட்டில் பத்து எல்.இ.டி.யில் ஒன்று போனால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இங்கே மாற்று டயோடு ஒன்றைத் தயாராக வைக்க வேண்டும். இழை அறுந்தால் அதை உணர்ந்து லேசரை உடனே அணைக்கும் கண்காணிப்பும் வேண்டும். இல்லாவிட்டால் அறுந்த முனையிலிருந்து சிதறாத ஒளி நேராகக் கண்ணில் விழும். நாலு மெழுகுவத்தி வெளிச்சத்துக்கு இத்தனை காவல் தேவையா என்று கேட்டால், சாதாரணக் காருக்குத் தேவையில்லை என்பதே என் பதில்.

கே: எலி கடிக்குமா?
– அனுபவஸ்தர், விழுப்புரம்

ப: பிளாஸ்டிக்கைப் பார்த்த எலி எது விட்டது? ஷார்ட் சர்க்யூட் ஆகாது என்பது மட்டும் ஆறுதல். எலிக்கும்தான்.

கே: மூடுபனியில் ரோட்டில் சிவப்புக் கோடு போடும் லேசர் இருக்கிறதாமே? என் பைக்கில் மாட்டலாமா?
– இளைஞர், ஊட்டி

ப: 2013-ல் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் ஆடி அப்படி ஒன்றைக் காட்டியது. காருக்குப் பின்னால் ரோட்டின் மேல் சிவப்புக் கோடு. பனியில் துளிகள் மேல் பட்டு லேசரின் பாதையே தெரியும். ‘இதற்குள் வராதே’ என்று அர்த்தம். ஊட்டிப் பனிக்கு ஆசை வருவது புரிகிறது. ஆனால் சந்தையில் சல்லிசாக விற்கும் லேசரின் சக்தி எவ்வளவு என்று விற்பவருக்கே தெரியாது. ஒரு குழியில் பைக் குதித்தால் கோடு பின்னால் வருபவரின் கண்ணுக்கு ஏறும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் வண்டியில் இஷ்டத்துக்கு மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. சமவெளியில் மாட்டினாலோ அந்தக் கோட்டுக்குள் இரண்டு ஸ்கூட்டரும் ஒரு ஷேர் ஆட்டோவும் வந்து நிற்கும்.

கே: பின்விளக்கு எரிகிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க ஃபைபர் உதவுமா?
– லாரி ஓட்டுநர், நாமக்கல்

ப: உதவியிருக்கிறது. 1968 முதல் 1971 வரை வந்த செவர்லே கார்வெட் காரில், ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஓர் இழை ஓட்டுநர் பக்கத்துப் பலகைக்கு வரும். பல்பு எரிந்தால் பலகையில் ஒரு புள்ளி மினுங்கும். பீஸ் போனால் புள்ளியும் போகும். சென்சார் இல்லை, சர்க்யூட் இல்லை, பல்பின் ஒளியே நேரில் வந்து சாட்சி சொல்லும். பிறகு நிறுத்திவிட்டார்கள். பின்னால் நின்று ‘எரியுதுண்ணே’ என்று கத்தும் கிளீனரைவிட மலிவாகச் செய்ய முடியவில்லை போலிருக்கிறது.